எதிர்வீட்டில் டீ போடாத மாதங்கள்

எதிர்வீட்டு அக்காவுக்கு மூன்று மொழிகளில் ஆமாம் சொல்லத் தெரியும். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தெலுங்கு வீட்டில் பிறந்தவர். ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு தமிழும் கன்னடமும் வாயில் சேர்ந்துகொண்டன. கணவரிடம் ‘அவுனு’, வீட்டு ஓனரிடம் ‘ஹௌதண்ணா’, என்னிடம் ‘ஆமா கண்ணு’. இல்லை என்பதை இந்த மூன்றில் எதிலும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் அப்போது குடியிருந்தது தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். எங்கள் வாசலில் நின்றால் அவருடைய அடுப்பு தெரியும். பாரூரிலிருந்து திருமணமாகி வந்த எனக்கு, எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டும் ஒருவர் எதிரில் இருப்பது முதலில் பெரிய ஆறுதலாக இருந்தது. மோட்டாரைக் காலையிலேயே போட்டுவிடலாமா அக்கா என்றால், ஆமா கண்ணு. சாயங்காலம் போட்டால்தான் நல்லதோ என்றால், அதுவும் ஆமா கண்ணு. இது ஆறுதல் இல்லை என்று புரியச் சில மாதங்கள் ஆயின.

மொட்டை மாடியில் அவர் உப்புக்கண்டம் காயவைப்பார். ஆட்டுக்கறியைக் கொழுப்போடு நீளநீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்துக் கொடியில் கட்டுவார். மேலே ஒரு பழைய கொசுவலை. கடைசி வீட்டுப் பெண்மணி கறி சாப்பிடாதவர். துணி உலர்த்த மாடிக்குப் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். “மேல நிக்கவே முடியலைங்க. இந்த நாத்தத்துல மனுஷன் துணி காயப்போடறதா?”

“ஆமாங்க, நாத்தம்தான்,” என்றார் அக்கா, தன்னுடைய கறியைப் பற்றி. “எனக்கே குமட்டுது.”

சற்று நேரத்தில் முதல் வீட்டுப் பெண் வந்து, தனக்கும் கொஞ்சம் காயவைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அதற்கும் சரி. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? கறியை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுபோய், சமையலறையில் கொடி கட்டி, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைச் சுழலவிட்டுக் காயவைத்தார். அந்த வாரம் முழுக்க அவரும் கணவரும் கூடத்தில் கண்ணெரிச்சலோடு சாப்பிட்டார்கள். கடைசி வீட்டுக்காரருக்கும் மனக்குறை இல்லை, முதல் வீட்டுக்காரருக்கும் கறி கிடைத்தது. நான் அன்று சிரித்தேன். எனக்கென்று வரும்வரை அது சிரிப்பதற்குரிய விஷயமாகத்தான் இருந்தது.

எனக்கென்று வந்தது என் மகள் மித்ராவின் ரத்தத்தில். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. ஓடுவாள், கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்துவிடுவாள். உள்ளங்கை வெளுத்திருந்தது. சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போடுவாள். டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ரத்தசோகை. சொட்டு மருந்து கொடுத்தார். “மருந்து மட்டும் பத்தாதும்மா. சாப்பாட்டுல இரும்புச்சத்து போகணும். பருப்பு, பயறு, கறி. பால குறைங்க, பால்லயே வயித்த ரொப்பிக்கிறா,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், “பால குறைக்கறதா? எந்த ஊரு டாக்டரு அவ?” என்று கேட்டார். அவர் சாமல்பட்டியிலிருந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். மூன்று பிள்ளைகளைப் பாலிலேயே வளர்த்தவர். நான் ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். நடுவில் குழந்தையின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பது என் கையில் இல்லை. அதுதான் என் கவலையின் வேர்.

அது மார்கழி. ஓசூரில் சாலையோரமெல்லாம் அவரைக்காய் குவிந்து கிடக்கும் காலம். எதிர்வீட்டில் தினமும் அவரைதான். கொட்டையை உரித்து ஊறவைத்து, இரண்டு விரலால் ஒரு பிதுக்கு. தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும். அதற்குப் பிதுக்கம்பருப்பு என்று பெயர். அவர் அதை இளசான மக்காச்சோள மணிகளோடு சேர்த்து வேகவைப்பார். வாணலியில் முதலில் உப்புக்கண்டத் துண்டுகளைப் போடுவார். கொழுப்பு உருகித் தானாக எண்ணெய் விடும். அதிலேயே சின்ன வெங்காயமும் தட்டிய பூண்டும் வதக்கி, வெந்த அவரையையும் சோளத்தையும் கொட்டிப் பிரட்டுவார். களிக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பும் என் மகள், எதிர்வீட்டு வாசலில் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் கைபேசியில் படித்தேன். மக்காச்சோளத்தின் புரதத்தில் எது குறைவோ அது அவரையில் இருக்கிறது. அவரையில் குறைவானது சோளத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் குழந்தை வளரத் தேவையான புரதம் முழுதாகிவிடும். அவரையிலுள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே கொஞ்சம் கறி போனால் எடுத்துக்கொள்ளும். அதுவரை படித்தபோது கடவுளே கொடுத்த பதார்த்தம் என்று தோன்றியது. அடுத்த பக்கத்தில், உப்புப் போட்டுப் பதப்படுத்திய இறைச்சி சிறு குழந்தைக்கு ஆகாது, சிறுநீரகத்துக்குச் சுமை என்றிருந்தது. இன்னொரு பக்கத்தில், சோள மணி தொண்டையில் சிக்கும் என்று இருந்தது. கைபேசியை மூடிவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். யாராவது ஒருவர் எனக்கு ஒரே ஒரு பதில் சொன்னால் போதும் என்றிருந்தது.

அக்காவிடம் போனேன். அவர்தானே சமைப்பவர், இரண்டு மகன்களை வளர்த்து பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பியவர்.

“அக்கா, உப்புக்கண்டம் போட்ட பிரட்டல மித்ராவுக்குக் குடுக்கலாமா?”

“குடுக்கலாம் கண்ணு. நல்லா ரத்தம் ஊறும்.”

“உப்பு அதிகம்னு போட்டிருக்கு. வேண்டாமோ?”

“ஆமா கண்ணு, உப்புதான். வேண்டாம்.”

“அக்கா, குடுக்கலாமா, வேண்டாமா?”

“உனக்கு எப்படித் தோணுதோ அதுதான் சரி கண்ணு.”

மறுநாள் காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது நடையில் பேச்சுக் குரல் கேட்டது. என் மாமியார்: “காஞ்ச கறி, அவரக்கொட்ட, இதெல்லாம் பச்சப் புள்ளைக்கு ஆகுமா? வயித்த புடிச்சுக்காதா?” அக்கா: “அய்யோ ஆகவே ஆகாதுங்கம்மா. வாயு. ஒரு தம்ளர் பால் குடுத்தீங்கன்னா அதுக்கு ஈடு எதுவுமில்ல.”

அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்தபோது எழுந்து நின்று கேட்டேன். “என்கிட்ட ரத்தம் ஊறும்னீங்க. அவங்ககிட்ட ஆகவே ஆகாதுங்கிறீங்க.”

“அவங்க பெரியவங்க. மறுத்துப் பேசினா மனசு நோகும்ல.”

“எனக்கு?”

“உனக்கும் நோகக் கூடாதுன்னுதான கண்ணு,” என்றார். கேலியில்லை. அதுதான் என்னை எரிச்சலூட்டியது. பொய் சொல்கிறவர்களோடு சண்டை போடலாம். இவரோடு எதை வைத்துப் போடுவது?

தை பிறந்ததும் மாமனாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மாமியார் ஊருக்குக் கிளம்பினார். வேறு வழியில்லை. மித்ராவைப் பகலில் எதிர்வீட்டில் விட்டேன். என் கணவர், “அந்த அக்காகிட்ட நீ என்ன சொன்னாலும் சரிம்பாங்க. அப்புறம் என்ன கவல?” என்றார். அதுதான் கவலை என்று அவருக்கு விளக்க எனக்குப் பொறுமையில்லை.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். உப்புக்கண்டத்தை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி ஊறவைத்து மறுபடி கொட்டவேண்டும். பிறகு நார்நாராகப் பிய்த்து ஒரு சிட்டிகை போதும். சோளத்தை மசித்துவிட வேண்டும். இறக்கிய பிறகு எலுமிச்சை இரண்டு சொட்டு. இரும்பு உடம்பில் ஒட்ட அது உதவும். பால் காலையில் மட்டும். ஒவ்வொன்றுக்கும் “சரி கண்ணு” வந்தது. ஒரு தடவையாவது, “ஏன் இத்தன தொல்ல?” என்று அவர் கேட்டிருந்தால் நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன்.

நான் சொன்னபடியே அவர் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். விடுமுறை நாள் ஒன்றில் பார்த்தேன். கண்டத்தை ஊறவைத்து, பிழிந்து, பிய்த்து, அம்மியில் சோளத்தை ஒரு இழுப்பு இழுத்து, மித்ராவை மடியில் வைத்து ஊட்டினார். அவள் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். இனி ரத்தம் ஏறிவிடும் என்று நம்பினேன்.

ஏறவில்லை. அடுத்த பரிசோதனையில் முன்பிருந்த அளவிலேயே நின்றது. டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொட்டு மருந்து விடாமல் கொடுக்கிறேனா என்று கேட்டார். கொடுக்கிறேன். சாப்பாடு என்ன என்று கேட்டார். சோளம், அவரை, கறி, எலுமிச்சை என்று பரீட்சைக்குப் படித்தவள் மாதிரி ஒப்பித்தேன். இந்தப் பெண் பொய் சொல்கிறாளோ என்பதுபோல என்னைப் பார்த்தார். நானும் ஒரு கணம் என்னையே சந்தேகப்பட்டேன்.

“டீ, காப்பி எதாச்சும்?”

“இல்லைங்க டாக்டர். ரெண்டர வயசுக் குழந்தைக்கு யாரு டீ குடுப்பா?”

மடியில் இருந்த மித்ரா நிமிர்ந்தாள். “பெரிம்மா டீ,” என்றாள். அக்காவை அவள் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள். அதோடு விடவில்லை, தம்ளரை ஊதிக் குடிப்பதுபோல உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சாப்பாட்டோடு டீ போனால், பருப்பிலும் பயறிலும் இருக்கிற இரும்பை அது பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது, சொட்டு மருந்துக்கும் அதே கதிதான் என்று பொறுமையாக விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். அத்தனை ஊறவைத்தலும் பிழிதலும் எலுமிச்சைச் சொட்டும் ஒரு சின்னத் தம்ளருக்குள் போயிருக்கின்றன. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் இல்லை. அது என் வீட்டில் நடக்காத விஷயம் என்பதால் கடந்து போயிருந்தேன்.

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்படியில் இருந்தார்.

“மித்ராவுக்கு டீ குடுக்கிறீங்களாக்கா?”

“ஆமா கண்ணு.” மறைக்கவில்லை.

“எதுக்கு?”

“நாங்க குடிக்கறப்ப கைய நீட்டுது. சாப்பாடு ஊட்டி முடிச்சதும் எங்களுக்கு டீ நேரம். அதுவும் ஒரு வாய் கேக்கும்.”

“கேட்டா? இல்லைன்னு சொல்லக் கூடாதா?”

கேள்வி புரியாதவர் மாதிரி இருந்தது அவர் முகம். “கேக்கற குழந்தைக்கு எப்படி கண்ணு இல்லங்கறது?”

“அது அவ ரத்தத்த உறிஞ்சற மாதிரிக்கா.” குரல் எழும்பிவிட்டது. கடைசி வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்தார். “நான் அத்தன சொன்னேன். டீ குடுக்காதீங்கன்னு தனியா சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

“ஆமா கண்ணு, தப்புதான்.”

“இனிமே குடுக்காதீங்க.”

“சரி கண்ணு.”

அந்தச் ‘சரி’யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மாமியாரிடம் சொன்ன சரியும் இதுவும் ஒரே எடை. மறுநாள் மித்ரா கையை நீட்டினால் அவளுக்கும் ஒரு சரி இருக்கும். குழந்தைகள் காப்பகம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். அங்கே மதியம் எல்லாக் குழந்தைகளுக்கும் வெறும் பிஸ்கெட்தான். திரும்பி வந்தேன். மறுபடி எதிர்வீட்டிலேயே விட்டேன். விட்டுவிட்டு, அலுவலகத்தில் கணக்கைத் தவறு தவறாகக் கூட்டினேன். சாயங்காலம் வந்ததும் முதலில் அவள் வாயை முகர்ந்து பார்ப்பேன். சில நாள் பூண்டு வாசனை, சில நாள் எலுமிச்சை. டீ வாசனை வரவில்லை. அதையும் நம்பவில்லை, வாயைக் கழுவிவிட்டிருப்பாரோ என்று நினைத்தேன்.

பங்குனியில் ஒருநாள், குழாயடியில் அவருடைய கணவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். இரவு ஷிப்ட் முடித்து வந்த முகம். என்னைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

“ஏம்மா, உங்க பாப்பாவுக்கு ரத்தம் ஊறிருச்சா, இல்லையா?”

“இன்னும் டெஸ்ட் எடுக்கலைங்கண்ணா. ஏன்?”

“சீக்கிரம் எடும்மா. எங்க வூட்ல டீ போட்டு எத்தன நாளாச்சு தெரியுமா? ஷிப்ட் முடிஞ்சு வந்தா சொந்த வூட்ல ஒரு டம்ளர் டீக்கு வழியில்ல. வளைவுக் கடையில நின்னு குடிச்சிட்டு வரேன். இவளும் குடிக்கறதில்ல. தலவலின்னு நெத்தியில துணியக் கட்டிக்கிட்டுக் கெடக்கறா.”

எனக்குப் புரியவில்லை. “ஏன் போடறதில்ல?”

“போட்டா பாப்பா கேக்கும். கேட்டா இவளால இல்லன்னு சொல்ல முடியாது. குடுத்தா நீ கோச்சுக்குவ. அதனால டீத்தூளையே தூக்கி முதல் வீட்டுல குடுத்துட்டா.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஒரு வார்த்தம்மா. ‘இல்ல’. அத வாயில வர வெக்க முடியல, குடும்பத்தையே பட்டினி போடறா.”

உள்ளே பார்த்தேன். நெற்றியில் துணிக் கட்டோடு அக்கா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். “அவரு சும்மா சொல்றாரு கண்ணு,” என்றவர், கணவர் முறைத்ததும், “ஆமா, கொஞ்சம் தலவலிதான்,” என்றார்.

நெகிழ்ந்து போயிருக்க வேண்டும். நெகிழ்ந்தேன்தான். ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஒரு சொல்லில் முடிய வேண்டியதை இவ்வளவு பெரிய தியாகமாக ஆக்கி, என் தலையில் அல்லவா வைத்துவிட்டார். “நீங்க டீ போடுங்கக்கா, நான் அவளப் பாத்துக்கறேன்,” என்றேன். சரி கண்ணு என்றார். போடவில்லை.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. டாக்டரம்மா, “மருந்து ஒழுங்கா போயிருக்கு,” என்றார். ஊரிலிருந்து திரும்பி வந்த மாமியார், காலையில் ஒரு வேளைப் பாலாவது நிற்காமல் உள்ளே போனதால்தான் என்றார். நான் எதிர்வீட்டுக்குப் போய், நீங்கள் டீயை விட்டதால்தான் அக்கா என்றேன். “ஆமா கண்ணு,” என்றார். பின்னாலேயே வந்த மாமியாரிடம், “உங்க பால்தாங்கம்மா,” என்றார். என் கணவர் வந்து, எல்லாம் உங்க பிரட்டல்தாங்கக்கா என்றபோது, “அந்த அவரதாங்க தம்பி,” என்றார். எதைத் தொடர்வது, எதை விடுவது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எதைக் கேட்டாலும் எல்லாமே அவரால் ஆமாம் ஆகிவிட்டது. எதையும் விடாமல் எல்லாவற்றையும் தொடர்ந்தேன். இப்போதும் தொடர்கிறேன்.

ஆடிக்கு முன்பே அவர்கள் கிளம்பினார்கள். அவர் கணவரின் ஒப்பந்தம் முடிந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. காம்பவுண்டு வாசலில் சின்ன லாரி நின்றது. பாத்திர மூட்டை, அம்மி, மடித்த கொசுவலை எல்லாம் ஏறின. மித்ரா அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரிம்மா, போவாத.”

நான் பதறினேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கேட்டேன். அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார்.

“சரி கண்ணு. போகல.”

சொல்லிவிட்டு லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மித்ரா சிரித்தபடி கையசைத்தாள். லாரி வளைவில் திரும்பும்வரை அவரும் சிரித்தபடியே கையசைத்தார்.

மதியம் நான் பிரட்டல் செய்தேன். அவரைக்காலம் முடிந்திருந்தது, காய்ந்த கொட்டையை ஊறவைத்துப் பிதுக்கினேன். அவர் கொடுத்துவிட்டுப் போன கடைசி உப்புக்கண்டத்தைப் பிழிந்து பிய்த்துப் போட்டேன். தட்டைக் கொண்டுவந்து மித்ராவின் முன்னால் வைத்தேன்.

“பெரிம்மா ஊட்டும்,” என்றாள்.

“பெரிம்மா ஊருக்குப் போயிட்டாங்க, தங்கம். இனி வரமாட்டாங்க. அம்மா ஊட்டறேன்.”

என்னை நிதானமாகப் பார்த்தாள். “நீ பொய் சொல்ற. பெரிம்மா போகலன்னு சொல்லுச்சு.”

தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடையைக் கடந்து போனாள். பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பருப்பாக எடுத்து, கதவைப் பார்த்துக் காட்டிவிட்டு, வாயில் போட்டாள். நான் எங்கள் வாசலில் நின்றேன். கூப்பிட்டால் சாப்பாடு நின்றுவிடும். கூப்பிடாவிட்டால் இன்னும் எத்தனை நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ தெரியாது. முதல் முறையாக, யாரும் ஊட்டாமல், தன் கையாலேயே அவள் தட்டைக் காலி செய்தாள்.

போய்த் தட்டை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“பெரிம்மா வந்தா காட்டணும்,” என்றாள்.